வெட்டாத குட்டை

காலையில் மாடுகளை மேய்ச்சலுக்குக் கொறங்காட்டுக்குள் ஓட்டி, படலைச் சாத்திவிட்டு வந்ததும் என் மனைவி சம்யுக்தா கைகாலைக் கழுவிக்கொண்டு குட்டைக்குப் போவாள். போகிறவள் சும்மா போகமாட்டாள். தலையைப் படிய வாரிக்கொள்வாள். ஒரு சின்ன டப்பாவில் பொரி எடுத்துக்கொள்வாள், மீனுக்குப் போட. களத்தில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கிளுவை வேலியைத் தாண்டி, நிலம் பள்ளமாகச் சரியும் தென்மேற்கு மூலையில் போய் நின்று, கழுத்தில் தொங்கும் கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். பிறகு தரையில் உட்கார்ந்து, பொரியை எடுத்துக் காய்ந்த புல்லின் மேல் எறிவாள். அவள் வரும் நேரம் காக்காய்களுக்குத் தெரியும்.

குட்டை இன்னும் வெட்டவில்லை.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். காங்கேயம் பக்கத்தில் எங்கள் ஊர் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் வீட்டுக்கு ஒருவர் இப்படித்தான். டீக்கடை பிரணவ் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, தன் கடைக்கு மேல் இன்னும் கட்டாத மாடியில் காற்று வாங்கப் போவார். மொட்டை வெயிலில் ரோட்டோரம் நின்றபடி, "அப்பாடா, என்ன காத்து" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். எங்கள் எதிர்த்தோட்டத்து ரித்விக் அண்ணனுக்குக் கட்டாத வீடு ஒன்று இருந்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரசாங்கம் இதை நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தது. எங்கள் அப்பன்மார் காலத்தில் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் தோண்டினார்கள். மேட்டில் குட்டை வெட்டினார்கள், ஓடையில் வீடு கட்டினார்கள். தண்ணீரும் போய் மேல்மண்ணும் போய், காற்றடித்தால் செம்மண் புழுதி பல்லில் நறநறக்கும் நிலைமை வந்த பிறகு மண்காப்புச் சட்டம் வந்தது. முழங்கால் ஆழத்துக்கு மேல் மண்ணைத் தொடுவதென்றாலும், இருக்கிற கட்டடத்தின் மேல் பாரம் ஏற்றுவதென்றாலும், அதனால் வரப்போகும் முப்பது வருஷத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடு. சட்டத்தின் சாரம் அவ்வளவுதான். மண்காப்பு அலுவலகத்திலிருந்து வந்து நிலத்தை அளந்து, மண்ணைக் குடைந்து பார்த்து, பழைய மழைக் கணக்கையெல்லாம் கணிப்பியில் ஏற்றி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாம் உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி ஒரு காட்சி செய்து கொடுப்பார்கள். காகிதத்தில் அதற்கு 'முன்காண்பு' என்று பெயர். ஊரில் பிரிவியூ என்பார்கள்.

நிலத்தை மட்டும் காட்டினால் போதாது, அதை ஆளப்போகிறவர்களும் அதில் நடமாட வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி எழுதி வைத்தார். எந்தப் பக்கம் இறங்குவார்கள், எங்கே உட்காருவார்கள் என்று தெரிந்தால்தானே படி எங்கே, சரிவு எங்கே என்று முடிவு செய்யலாம். அதனால் பட்டாவில் பெயருள்ள எல்லோருக்கும், உழுகிறவனுக்கும் சேர்த்து, ஆளுக்கொரு நிழலாள் உண்டு. அவரவர் போனில் கிடக்கும் பழைய பேச்சு, படம் எல்லாவற்றையும் கணிப்பி மென்று தின்று அதைச் செய்யும். நிழலாள் பேசும், கேட்டதற்குப் பதில் சொல்லும். கோபதாபத்தை மட்டும் அலுவலகம் வடிகட்டிவிடும். முன்காண்பில் சண்டை வந்தால் அப்புறம் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

எனக்கு அதில் ஒரு அனுபவம் உண்டு. குட்டையின் சரிவு மாடு இறங்க வாகாக இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை உள்ளே போனேன். முன்காண்பின் முப்பது வருஷத்தில் ஏழாம் வருஷத்துக் கார்த்திகை. தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கரையில் என் மனைவியின் நிழலாள் நின்று, "வாங்க, நீங்க சொன்ன மாதிரியே சரிவு அமைஞ்சிருச்சு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்காத சொல். பயந்துபோய்க் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அடுக்களையிலிருந்து நிஜமானவள், "எங்க போய்த் தொலஞ்சீங்க, தண்ணி லாரிக்காரன் வந்துட்டுத் திரும்பிப் போறான்" என்றாள். அப்போதுதான் மனசு ஆறியது.

குட்டை எனக்கு ஆசைக்கு இல்லை, அவசியத்துக்கு. ஆழ்குழாய்க் கிணறுகளுக்கெல்லாம் சீல் வைத்த பிறகு மாட்டுக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. வந்தால் உண்டு. பட்டி நிறைய இருந்த மாடுகளில் பாதியை விற்றாகிவிட்டது. மீதியில் ஒரு மயிலைப் பசு, என் குரல் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கும். இந்த ஐப்பசி மழையைப் பிடித்து வைக்க இடமில்லையென்றால் அதையும் விற்க வேண்டியதுதான்.

இடம் பார்த்த கதையைச் சொன்னால் என் மானம் போகும். இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் கிணறோ குட்டையோ சனிமூலையில், அதாவது வடகிழக்கில்தான் வெட்ட வேண்டும் என்பார்கள். நானும் அதில் பிடிவாதமாக நின்றேன். அந்தக் காட்டில் வடகிழக்கு மேடு. மழைத்தண்ணீர் அங்கிருந்து தென்மேற்காக ஓடும் என்று சம்யுக்தா சொன்னாள். அவள் பிறந்து விளையாடிய நிலம் அது, அவளுக்குத் தெரியாதா? நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் எனக்காக ஒரு முன்காண்பு போட்டுக் கொடுத்தார்கள். முப்பது வருஷமும் அந்தக் குழிக்குள் வெள்ளாடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. ஒரு பானை தண்ணீர் சேரவில்லை. வந்த அதிகாரி பர்வீன் மேடம் சிரிப்பை அடக்க இருமினார். தென்மேற்குக்கு ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தண்ணீர் வரும் வழியில் வண்டல் தங்க ஒரு சின்னத் தொட்டி, நிறைந்தால் வெளியேற ஒரு மறுகால், கரை அரிக்காமலிருக்கக் கொழுக்கட்டைப் புல், மாடு இறங்க ஒரு பக்கம் மட்டும் சாய்வான பாதை. எல்லாம் முன்காண்பில் அழகாக உட்கார்ந்தது. மேற்குக் கரையில் ஒரு தட்டையான கருங்கல்கூட இருந்தது. எங்கள் தொட்டியடியில் கிடக்கும் பழைய துவைகல்தான் அது. கணிப்பி அதை எங்கிருந்து பொறுக்கியதோ, கால் நனைக்க வாகான இடத்தில் கொண்டுபோய்ப் போட்டிருந்தது.

கையெழுத்துதான் விழவில்லை. நிலம் சம்யுக்தாவின் அப்பா விட்டுப்போனது. அவள் பெயரிலும் அவள் தம்பி தருண் பெயரிலும் கூட்டாக இருக்கிறது. இரண்டு பேரும் சம்மதித்தால்தான் மண்வெட்டி விழும். தருண் அசாமில், பிரம்மபுத்திராவில் வெள்ளம் எப்போது வரும் என்று கணித்துச் சொல்கிற வேலையில் இருந்தான். தண்ணீரே இல்லாத ஊரில் பிறந்தவனுக்குத் தண்ணீரைக் கண்டு ஓடச் சொல்லும் வேலை. அக்காவும் தம்பியும் பேசிப் பத்துப் பன்னிரண்டு வருஷமிருக்கும்.

காரணம் இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் உடன்பிறந்தவளை உட்கார வைத்துச் செய்யும் சீர் அது. பெண்டாட்டி வந்த பிறகும் கூடப் பிறந்தவளை மறக்கமாட்டேன் என்று ஊரறியச் சொல்வதற்காக ஏற்பட்டது. தருண் கூட வேலை பார்த்த ரீமா என்ற அசாமியப் பெண்ணைக் குவஹாத்தியில் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு, சாயங்காலம் போட்டோ அனுப்பினான். அந்தச் சீருக்குக் கட்ட வேண்டும் என்று சம்யுக்தா எடுத்து வைத்த சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடந்தது. என்னை அறுத்து விட்டுவிட்டான் என்று இவள் சொன்னாள். ஒரு சீருக்காகவா இப்படி என்று அவன் கேட்டான். அந்த 'ஒரு சீர்' என்ற சொல்தான் எல்லாவற்றையும் முடித்தது.

முன்காண்புக்கு அந்தச் சண்டை ஒரு பொருட்டில்லை. பட்டாவில் பெயர் இருக்கிறது, ஆகவே தருணின் நிழலாள் குட்டைக்கு வந்தது. ஏழாம் வருஷத்துக் கார்த்திகையில் அந்தக் கருங்கல்லில் உட்கார்ந்து, கால்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பையனாக இருந்தபோது ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு இவர்கள் அப்பா இருவரையும் அமராவதி ஆற்றுக்குக் கூட்டிப்போவாராம். ஆற்றில் தண்ணீர் ஓடிய வருஷங்களில் தருண் இப்படித்தான் ஒரு கல்லில் உட்கார்ந்து காலை ஆட்டுவானாம். இவள் மீனுக்குப் பொரி போடுவாளாம். முதல் நாள் பார்த்துவிட்டு வந்து சம்யுக்தா சோற்றைத் தொடவில்லை. மறுநாள் பொரி டப்பாவோடு போனாள்.

பிறகு ஒருநாள் அவளே சொன்னாள். "எங்கிட்ட மாப்புக் கேட்டானுங்க. சீர் செய்யாம வுட்டது என்ற தப்புதான் அக்கான்னு சொன்னான்." அது நிழல்தான் என்று அவளுக்கும் தெரியும்.

சம்மதக் கையெழுத்தை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததன் காரணமும் எனக்குத் தெரியும். முதல் வெட்டு விழுந்ததும் முன்காண்பு அழிந்துவிடும். அது சட்டத்தின் கடைசி வரி. ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஆனால் பிரிவியூவில் மாமரம் காய்த்தது, இங்கே காய்க்கவில்லை, பிரிவியூவில் மாமியார் சிரித்தார், இங்கே சிரிக்கவில்லை என்று ஆளாளுக்குக் கோர்ட்டுக்குப் போனார்கள். நிஜத்தின் மேல் வழக்குப் போட்டால் எந்த நீதிபதி என்ன செய்வார்? ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சாமல் அழித்துவிடு என்று தீர்ப்பாயிற்று. அன்றிலிருந்து நாட்டில் பாதிப் பேர் எதையும் கட்டுவதில்லை, வெட்டுவதில்லை. மண்ணைக் காப்பாற்றுகிற சட்டம் மண்ணை நன்றாகவே காப்பாற்றியது. பர்வீன் மேடமே ஒருமுறை என்னிடம் வருத்தப்பட்டார்.

தருண் பக்கமும் சம்மதம் வரவில்லை. அலுவலகத்திலிருந்து கேட்டால் பார்க்கிறேன், யோசிக்கிறேன் என்றே பதில். அக்கா மேல் உள்ள வீம்பில் என் மாட்டைத் தாகத்தில் போடுகிறான் என்று நான் எரிந்து விழுந்தேன். புரட்டாசிக்குள் வெட்டாவிட்டால் அனுமதி காலாவதி. மறுபடி வரிசையில் நின்று மூன்று நான்கு வருஷம் காத்திருக்க வேண்டும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சம்யுக்தாவிடம் கேட்டேவிட்டேன்.

"மயிலைக்குத் தண்ணி வேணுமா, உனக்கு உன்ற தம்பி வேணுமா, ஒண்ணு சொல்லிப்போடு" என்றேன்.

அவள் வெகுநேரம் மாட்டையே பார்த்தாள். "ரெண்டும் வேணுங்க" என்றாள்.

இந்த இடத்தில் ரித்விக் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய கட்டாத வீட்டில் அவரும் அவர் மனைவியும் சாயங்காலமானால் ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார்கள். போன தையில் அந்த அக்கா நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனார். வீடு இருந்தது, ஊஞ்சல் இருந்தது, ஊஞ்சலில் யாருமில்லை. இறப்பைப் பதிவு செய்ததும் நிழலாளை நீக்கிவிடுவார்களாம். உயிரோடு இல்லாதவர் எதிர்காலத்தில் இருக்கக்கூடாது என்பது விதி. அண்ணன் அன்றைக்கே பொக்லைனை வரச்சொல்லி வெறுமனே ஒரு குழி தோண்டி முன்காண்பை அழித்துவிட்டார். அந்தக் குழி இன்னும் அப்படியே கிடக்கிறது.

ஆடிப் பதினெட்டு வந்தது. நோம்பி நாள் என்பதால் சம்யுக்தா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பொரியோடு வெல்லமும் கலந்து எடுத்துக்கொண்டு போனாள். நான் மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பாதத்தில் முள் தைத்து ரத்தம்.

"தருணைக் காணோமுங்க" என்றாள்.

எட்டாம் வருஷம் பார்த்தாளாம், பத்தாம் வருஷம் பார்த்தாளாம், முப்பதாம் வருஷம் வரைக்கும் போய்ப் பார்த்தாளாம். கல் இருக்கிறது. ஆளில்லை. ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ரித்விக் அண்ணனின் ஊஞ்சல் ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கிறது. பிரம்மபுத்திராவில் வெள்ளம் என்று முந்தின நாள்தான் செய்தியில் சொன்னார்கள்.

அத்தனை வருஷம் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டாள். வேறு அழைப்பில் இருப்பதாக வந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதே. மறுபடியும் அதே. "யாரோ அவன்ற போனை எடுத்து எல்லாத்துக்கும் தகவல் சொல்லீட்டு இருக்கறாங்க" என்றாள். அவள் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு வருஷ வீம்பும் அந்த நிமிஷத்தில் என்னவாயிற்று என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதை நான் மறக்கமாட்டேன்.

கட்டிலில் போன் அடித்தது. தருணின் பெயர். அவள் எடுக்கவில்லை. வேறு யாராவது பேசினால் என்ன செய்வது என்ற பயம். நான் எடுத்தேன்.

"மாமா" என்றான். தருண்தான். அழுதுகொண்டிருந்தான். "மாமா, அக்காளுக்கு என்னாச்சு? அக்காளைக் காணோம் மாமா. எந்த வருசத்துலயும் காணோம். போன் பண்ணுனா எப்பவும் பிசின்னே வருது."

நான் போனை அவள் காதில் வைத்தேன்.

"எங்கடா இருக்கறே?" என்றாள்.

"குட்டையில" என்றான்.

பர்வீன் மேடம் மறுநாள் விளக்கினார். ஒருவர் தானே முன்காண்புக்குள் இருக்கும்போது அவருடைய நிழலாளை மற்ற எல்லோருடைய காட்சியிலும் நிறுத்திவிடுவார்களாம். ஆள் ஒன்று, நிழல் ஒன்று என்று இரண்டு இடத்தில் ஒருவர் இருந்தால் கணக்குக் குழம்புமாம். இவள் போவது காலையில். அவன் அசாமில் இருந்தபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு போவது வேலை முடிந்து சாயங்காலத்தில். ஒருநாளும் இருவரும் ஒரே நேரத்தில் போனதில்லை. ஆடி நோம்பி என்று அவனும் அன்றைக்குக் காலையில் குளித்துவிட்டுப் போயிருக்கிறான். அவரவர் குட்டை அவரவருக்கு, இருவரும் சேர்ந்து நுழைய வேண்டுமென்றால் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். பேசிக்கொள்ளாதவர்கள் என்ன மனுக் கொடுப்பார்கள்?

அந்த மாதக் கடைசியில் தருண் ரீமாவோடு வந்தான். நிஜமான தருணுக்கு முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. கணிப்பிக்கு அது தெரிந்திருக்கவில்லை. சம்யுக்தா இருவரையும் உட்கார வைத்து நோம்பிக்குச் செய்வதுபோலச் சமைத்துப் போட்டாள். ரீமாவிடம் அளவாகப் பேசினாள். இன்னொரு வீட்டு விருந்தாளியிடம் பேசுவதுபோல, மரியாதையாக.

அக்காவும் தம்பியும் கட்டிப்பிடித்து அழுது எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை. மறுநாள் காலை குட்டை இடத்தில் நின்றதும் சண்டை ஆரம்பித்தது. மறுகால் அகலம் போதாது, இரண்டு மடங்கு வேண்டும் என்றான் தருண். அப்பா காலத்திலிருந்து இந்தக் காட்டில் தண்ணீர் கரை புரண்டு ஓடிப் பார்த்ததில்லை, அவ்வளவு பெரிய வாய் எதற்கு, மேயும் நிலம்தான் வீண் என்றாள் அக்கா. வராதவரைக்கும் வராது, வந்தால் ஒரேயடியாக வரும், கரையையே அடித்துக்கொண்டு போகும், எனக்கு இதுதான் வேலை என்றான் அவன். பெரிய வேலைக்காரன் என்றாள் இவள். பேச்சு குட்டையைவிட்டு நகர்ந்து எங்கெங்கோ போனது.

"குட்டைல நீ இப்பிடிப் பேசமாட்டயேடா" என்றாள் கடைசியில். "என்ற பேச்சைக் கேப்பே. எங்கிட்ட மாப்புக்கூடக் கேட்டே."

தருண் அவளையே பார்த்தான். கோபம் போய்விட்டிருந்தது.

"என்ற குட்டைல நீயுந்தான் எங்கிட்ட மாப்புக் கேட்டே அக்கா" என்றான். "ஒரு சேலைக்காவ உன்னய வுட்டுட்டேன்னு சொல்லி அழுதே."

இருவரும் அந்தக் காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிஜத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. "மறுகால் அகலத்தை உன்ற இஷ்டத்துக்கே வெச்சுக்கோ" என்று மட்டும் சம்யுக்தா சொன்னாள்.

ஓட்டுநர் இல்லாத பொக்லைன் வந்து நின்றது. அதன் பக்கவாட்டில் இருந்த திரையில் இருவரும் விரல் வைத்தார்கள். கடைசியாக ஒருமுறை இருவரும் சேர்ந்து முன்காண்பைப் பார்க்கிறீர்களா, அனுமதி வாங்கித் தருகிறேன் என்று பர்வீன் மேடம் கேட்டார். தருண் அக்காவைப் பார்த்தான்.

"வேண்டாமுங்க மேடம்" என்றாள் சம்யுக்தா. "நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போனா அவிய ரெண்டு பேரும் இருக்கமாட்டாங்க. வெறுங்குட்டையப் பார்த்து என்ன பண்றது?"

பொக்லைன் முதல் வாய் மண்ணை அள்ளியது. அவள் கழுத்திலிருந்த கண்ணாடியில் மினுங்கிய சின்னப் பச்சை விளக்கு அணைந்தது.

ஐந்தாறு நாள் வேலை நடந்தது. மேலே செம்மண், அதற்குக் கீழே யாரும் எதிர்பார்க்காத சுக்காங்கல் அடுக்கு. முன்காண்பில் அது இல்லை. அதில் தண்ணீர் நிற்காது, ஒழுகிவிடும். ஏரி வண்டலைக் கொண்டுவந்து அடியிலும் பக்கத்திலும் கொட்டி மிதித்து இறுக்கினோம். என் மாடுகளையே உள்ளே இறக்கி நடக்கவிட்டேன். மயிலை முதலில் மிரண்டது, அப்புறம் அங்கேயே படுத்துக்கொண்டது. தருணின் லீவு முடிந்து இருவரும் கிளம்பிப் போனார்கள்.

அதன் பிறகு வந்த நாட்களைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி திரும்பக் கிடைத்துவிட்டான், வாரம் தவறாமல் போன் பேசுகிறான், இவள் சந்தோஷமாக இருக்க வேண்டியதுதானே? காலையில் கைகாலைக் கழுவிக்கொண்டு தலையை வாருவாள். பொரி டப்பாவை எடுப்பாள். பிறகு திரும்ப வைத்துவிடுவாள். போனில் தருணோடு ஏதாவது தகராறு வந்து வைத்துவிட்டு, "அவன் இப்பிடியெல்லாம் பேசமாட்டானுங்க" என்பாள். எந்த அவன் என்று நான் கேட்கமாட்டேன். உயிரோடு இருக்கிற தம்பிக்கு அவள் எப்படித் துக்கம் காக்க முடியும்? காத்தாள். அதற்கு ஒரு சடங்கில்லை, விசாரிக்க வருகிற ஆளில்லை. ரித்விக் அண்ணன் மட்டும் ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, "கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் அம்மிணி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும்கூட, சொன்னால் வெட்கம், நான் சொன்னது சரி என்று சொன்ன அந்த இன்னொரு சம்யுக்தா ஒன்றிரண்டு முறை நினைவுக்கு வந்தாள்.

ஐப்பசியில் மழை ஒரேயடியாக வந்தது, தருண் சொன்ன மாதிரியே. ஒரு மத்தியானத்தில் மேட்டுக்காட்டுத் தண்ணீரெல்லாம் செந்நிறமாகப் பாய்ந்து வந்து, வண்டல் தொட்டியை மூடி, குட்டையை நிரப்பி, மறுகாலில் இரைச்சலோடு வெளியேறியது. அகலமாக இருந்ததால் கரை நின்றது. சம்யுக்தா குடையில்லாமல் நனைந்துகொண்டே அதைப் பார்த்தாள். போனில் தருணிடம், "ஆமாண்டா, நீ சொன்னதுதான்" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவனுக்கு அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

கார்த்திகையில் இருவரும் மறுபடி வந்தார்கள். குட்டை முன்காண்பில் பார்த்தது போலவே இல்லை. தண்ணீர் கலங்கிக் காப்பி நிறத்தில் இருந்தது. புல் இன்னும் பிடிக்கவில்லை. மேற்குக் கரையில் கல்லும் இல்லை. துவைகல்லை அங்கே கொண்டுபோய்ப் போடச் சொல்லிச் சம்யுக்தா என்னிடம் சொல்லிக்கொண்டேயிருந்தாள், தம்பி வருவதற்குள். என் இடுப்பு சரியில்லை என்று தட்டிக்கழித்திருந்தேன்.

வந்து டீ குடித்ததும் தருண் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் தொட்டியடிக்குப் போனான். கல்லை நெம்பி, புரட்டிப் புரட்டி, மேற்குக் கரைக்குக் கொண்டுபோனான். தண்ணீர் விளிம்பில் ஒரு இடத்தில் வைத்துப் பார்த்தான், சரியில்லை என்று கொஞ்சம் தெற்கே தள்ளினான். அதே இடம். நானும் பார்த்திருக்கிறேனே, அச்சாக அதே இடம். அவன் சட்டையெல்லாம் சேறு.

"வா அக்கா, உக்காரு" என்றான்.

"நான் எதுக்கு உக்கார்றது? அது உன்ற கல்லு" என்றாள் சம்யுக்தா. "நீதான எப்பவும் அதுல உக்காந்து காலை ஆட்டீட்டு இருப்பே."

"நானா? நீதான் உக்காருவே. நான் வந்தா எந்திரிச்சு எடங்கூடக் குடுக்கமாட்டே."

நீதான், இல்லை நீதான் என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி ஆரம்பித்தார்கள். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கல். அவரவர் குட்டையில் மற்றவருக்காக இருந்த கல். யாரும் உட்காரவில்லை.

பயணக் களைப்போடு பின்னால் வந்த ரீமா செருப்பைக் கழற்றி வைத்தாள். அவள் ஊரில் வீட்டுக்கு வீடு குளம் உண்டாம், தருண் சொல்லியிருக்கிறான். சேலையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையில் இறங்கி, நேராகப் போய் அந்தக் கல்லில் உட்கார்ந்து, கலங்கிய தண்ணீரில் இரண்டு காலையும் விட்டாள்.

பேச்சு நின்றுவிட்டது. பட்டாவில் அவள் பெயர் இல்லை. முப்பது வருஷம் பார்த்தோமே, இரண்டு குட்டையிலும் ஒருநாள்கூட அவள் வந்ததில்லை. அந்த அமைதியில் அவள் திரும்பி எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"நான் இதில உட்காரக்கூடாதுங்களா அக்கா?" என்று தருணிடம் கற்ற தமிழில் கேட்டாள்.

பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் சேலை சம்யுக்தாவின் நினைவில் வந்துபோயிருக்க வேண்டும். எனக்கு வந்தது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் இறங்கினாள்.

"உக்காரு சாமி" என்றாள். "புதுமண்ணு, எந்திரிக்கறப்ப சறுக்கும். என்ற கையப் புடிச்சுக்கோ."

கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணிலேயே அவளும் உட்கார்ந்து, ரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புடவையெல்லாம் செம்மண்ணாயிற்று. மேலே நின்ற தருணின் கையில், அக்கா இறங்கும்போது கொடுத்த பொரி டப்பா இருந்தது. குட்டையில் இன்னும் மீன் விடவில்லை. ஆனாலும் அவன் டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் எறிந்தான்.